பச்சை பிடித்த உருளைக்கிழங்கு: எதைச் சீவலாம், எதைக் கொட்ட வேண்டும்

மரவள்ளிக்கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், சேனையைப் புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் நமைச்சல் அடங்கும் என்பதெல்லாம் நம் வீடுகளில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்திலேயே ஒரு தப்புக் கணக்கும் ஊறிவிட்டது: கிழங்கில் என்ன இருந்தாலும் குக்கரில் நாலு விசில் விட்டால் போய்விடும் என்பது. உருளைக்கிழங்கில் அந்தக் கணக்கு செல்லாது. அதில் உள்ள நஞ்சு கொதிநீரிலும் பெரிதாகக் கரைந்து போகாது, பொரிக்கிற எண்ணெயிலும் அழியாது. எடுக்க வேண்டியதை அடுப்புக்குப் போகும் முன்பே எடுத்துவிட வேண்டும். சந்தையில் கண்ணாலும், வீட்டில் இருட்டாலும், பலகையில் கத்தியாலும்தான் இந்த வேலை நடக்கிறது. மதுரையில் வெயில் காலத்தில் கிழங்கு ஒரே வாரத்தில் முளை விடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு மூடை மூடையாக வாங்கிப் பந்தலில் அடுக்குகிறோம். நமக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

உள்ளே இருப்பது என்ன

உருளைச் செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ளச் செய்து வைத்திருப்பவை இரண்டு: ஆல்ஃபா-சொலனின், ஆல்ஃபா-சாக்கோனின். இரண்டையும் சேர்த்துக் கிளைக்கோஆல்கலாய்டு என்பார்கள். கொஞ்சமாவது எல்லா உருளையிலும் இருக்கும். குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுச் சவ்வுகளை இவை குலைக்கின்றன. அதனால்தான் வாந்தியும் பேதியும். நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியையும் தடுக்கின்றன. அளவு கூடினால் தலைசுற்றலும் குழப்பமும் வருவது அதனால்.

கிழங்கில் இவை எங்கே இருக்கின்றன என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சாதாரணக் கிழங்கின் சதையில் கிலோவுக்கு 12 முதல் 50 மில்லிகிராம்தான். அதே கிழங்கின் தோலில் 150 முதல் 600 வரை. முளையில் 2000 முதல் 4000. பூவில் இன்னும் அதிகம். பச்சை பிடித்துக் கசப்பேறிய கிழங்கில் முழுக் கிழங்குக்கே கிலோவுக்கு 250 முதல் 800 வரை போகும்.

தோலோடு சேர்த்துக் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுவதும் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட எல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் 100ஐத் தாண்டினாலே காரணம் தேடச் சொல்லிப் பரிந்துரைத்தது. உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனாலே குடல் தொந்தரவு தொடங்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கணக்கிட்டது.

இதைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு எல்லை 20 மில்லிகிராம். கிலோவுக்கு 50 உள்ள நல்ல கிழங்கில் அந்த அளவு சேர 400 கிராம் தின்ன வேண்டும். எந்தப் பிள்ளையும் ஒரு வேளைக்கு அவ்வளவு தின்னாது. கிலோவுக்கு 250 உள்ள பச்சைக் கிழங்கென்றால் 80 கிராமே போதும். பூரி மசாலாவில் இரண்டு கரண்டி. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அதே கிழங்கில் 240 கிராம் ஆகும். ஒரே குழம்பைச் சாப்பிட்டு வீட்டில் பிள்ளைக்கு மட்டும் வாந்தி எடுப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பச்சை நிறம் சாட்சி மட்டுமே

தோலில் தெரியும் பச்சை, இலையில் உள்ள அதே பச்சையம்தான். அதை மட்டும் தின்றால் ஒன்றும் ஆகாது. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையத்தையும் உண்டாக்கும், தனியாக நஞ்சையும் கூட்டும். இரண்டும் தனித்தனி வேலை. தூண்டுவது ஒரே வெளிச்சம். அதனால் பச்சை தெரிந்தால் நஞ்சும் கூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பச்சை இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிபட்ட கிழங்கும், வெட்டுப்பட்ட கிழங்கும், சூட்டில் கிடந்து முளைத்த கிழங்கும் பச்சையே காட்டாமல் நஞ்சைக் கூட்டிக்கொள்ளும்.

பச்சை பிடித்த கிழங்கை மறுபடி இருட்டில் போட்டால் நிறம் கொஞ்சம் மங்கலாம். கூடிய நஞ்சு இறங்காது. நிறம் மங்கியதை நம்பிச் சமைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

வாங்கும்போது

மதுரைக்குக் கிழங்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று கொடைக்கானல், ஊட்டி மலைக்கிழங்கு. இன்னொன்று வட இந்தியாவிலிருந்து லாரியில் வருவது. வடக்கே தை, மாசி வாக்கில் அறுவடை செய்து, 2 முதல் 4 பாகை (டிகிரி செல்சியஸ்) குளிர்க்கிடங்கில் வைத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார்கள். குளிர்க்கிடங்கில் தூங்கிக் கிடந்த கிழங்கு நம் ஊர்ச் சூட்டைப் பார்த்ததும் முளைக்கத் தொடங்கிவிடும். மாட்டுத்தாவணியில் வாங்கும் நாளில் சுத்தமாக இருந்த கிழங்கு ஐந்தாம் நாள் கண் விழித்துக் கிடப்பது இதனால்தான்.

மண் ஒட்டியிருந்தால் மலைக்கிழங்கு, அதனால் நல்லது என்று நம்ப வேண்டாம். செம்மண் பூச்சுக்குள் பச்சை நன்றாக மறையும். ஒரு கிழங்கை எடுத்து விரலால் மண்ணைத் துடைத்து, கட்டைவிரல் நகத்தால் தோலை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். கீழே வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் சரி. இளம்பச்சை தெரிந்தால் அந்தக் குவியலே வெளிச்சத்தில் கிடந்தது. இதைக் கடையின் விளக்கடியில் செய்யாமல் பகல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து செய்யுங்கள். மஞ்சள் விளக்கில் இளம்பச்சை கண்ணுக்குத் தட்டாது. சிவப்புத் தோல் ரகங்களில் பச்சை வெளியே தெரியவே தெரியாது, சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

கையில் கெட்டியாக இருக்க வேண்டும். அமுக்கினால் நெகிழ்வது, தோல் சுருங்கியது, மண்வெட்டி வெட்டுப்பட்டது, கண்ணில் வெள்ளை முனை தெரிவது இவற்றை ஒதுக்குங்கள். பல்பொருள் அங்காடியில் கழுவிப் பளபளவென்று தட்டில் பரப்பியிருப்பது இரவும் பகலும் விளக்கு வெளிச்சத்திலேயே கிடக்கிறது. டியூப்லைட்டும் எல்இடியும் வெயில் செய்கிற வேலையையே மெதுவாகச் செய்யும். சில நாளிலேயே பச்சை தெரிய ஆரம்பிக்கும். எடுப்பதென்றால் மேலே கிடப்பதை விட்டுவிட்டு அடியில் கிடப்பதை எடுங்கள்.

பொடிக்கிழங்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலோடு வறுத்தால் ருசி என்று பலரும் வாங்குகிறார்கள். கிழங்கு சிறிதாக ஆக, எடைக்குத் தோல் பங்கு கூடுகிறது. முற்றாத கிழங்கில் நஞ்சின் செறிவும் கூடுதல். பொடிக்கிழங்கு வாங்கினால் பச்சையோ முளையோ துளிகூட இல்லாததை மட்டும் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் பொடிக்கிழங்கைச் சீவிக் காப்பாற்ற முயல வேண்டாம், சீவினால் மிச்சமே இருக்காது.

விதைக்கிழங்கைச் சமையலுக்கு எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். மலைக்காட்டில் நடவுக்கு முன் விதைக்கிழங்கைப் பரவலான வெளிச்சத்தில் வைத்து வேண்டுமென்றே பச்சை பிடிக்க விட்டு, குட்டையான கெட்டி முளை வரவைப்பது நல்ல முறை. அதே காரணத்தால் அது தின்ன லாயக்கில்லை. பூஞ்சணக் கொல்லி வேறு தடவியிருக்கும். செடியில் காய்க்கும் பச்சைத் தக்காளி போன்ற சிறு காய்களும் நஞ்சு. மலைக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். வயலில் மண் அணைப்பது எடை கூடுவதற்காக மட்டும் செய்வதில்லை. மண்ணுக்கு மேலே தலை காட்டும் கிழங்கெல்லாம் பச்சை பிடித்துவிடும், அதை மூடத்தான்.

வீட்டில் வைக்கும்போது

7 முதல் 10 பாகை வெப்பம், இருட்டு, காற்றோட்டம் இருந்தால் உருளை நெடுநாள் தாங்கும். மதுரை வீட்டில் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. மே மாதம் நிழலிலேயே 35ஐத் தாண்டும். அதனால் நாம் செய்ய முடிந்தது இரண்டு: இருட்டைக் கொடுப்பது, கொஞ்சமாக வாங்குவது. நாலு பேர் வீட்டுக்கு வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும். உழவர் சந்தை பக்கத்தில் இருக்கும்போது ஐந்து கிலோ வாங்கி அடுக்குவதில் லாபம் இல்லை.

பாலித்தீன் பையிலிருந்து வந்தவுடன் எடுத்துவிடுங்கள். உள்ளே வேர்த்து அழுகும். சணல் சாக்குத் துண்டிலோ, தடித்த காகிதப் பையிலோ போட்டு வாயை மடித்து, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், தரையோடு ஒட்டாமல் ஒரு பலகை மேல் வையுங்கள். அடுப்பு மேடையின் அடித்தட்டு வேண்டாம், அங்கே சூடு. ஜன்னலுக்கு நேராகத் தொங்கும் கம்பிக்கூடை பார்க்க அழகாக இருக்கும். உருளைக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். உருளை விடும் ஈரத்தில் வெங்காயம் முளைக்கும், அழுகும். வெங்காயத்துக்கு வேண்டிய திறந்த காற்றோட்டத்தைக் கொடுத்தால் உருளைமேல் வெளிச்சம் படும். கழுவி வைக்கவும் வேண்டாம், சமைக்கும்போது கழுவினால் போதும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் முளையும் பச்சையும் தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் 8 பாகைக்குக் கீழே கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கை வறுத்தால் சீக்கிரம் கருகும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும். ஃபிரிட்ஜைத் தவிர வேறு வழியில்லை என்றால், அந்தக் கிழங்கை மசியலுக்கும் குருமாவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, சிப்ஸுக்கும் வறுவலுக்கும் வேறு வாங்குங்கள்.

மூடைக் கணக்கில் சமைப்பவர்களுக்கு

லண்டனின் லூயிஷம் பகுதிப் பள்ளி ஒன்றில் 1969இல் மதியச் சாப்பாட்டில் உருளை சாப்பிட்ட 78 மாணவர்கள் நோயுற்றார்கள். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். காரணம், கோடை விடுமுறைக்கு முன் வாங்கி மிஞ்சிய ஒரு மூடையைப் பள்ளி திறந்ததும் சமைத்தது.

விடுதிகளும் மெஸ்களும் நடத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரில் விடுமுறை வருவதே கடுங்கோடையில். ஏப்ரலில் பூட்டி ஜூனில் திறக்கும் சமையல்கூடத்தில் ஒரு கிழங்குகூட மிஞ்சியிருக்கக் கூடாது. பூட்டும் வாரத்தில் இருப்பைப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் உடனே கொடுத்துவிடுங்கள். திறக்கும் நாளில் பழைய சாக்கில் எது கிடந்தாலும் பிரித்துப் பார்க்கவே வேண்டாம், கொட்டுங்கள்.

மண்டகப்படி, அன்னதானம், கல்யாணச் சமையலுக்கு மூடை இறக்கும்போது, நிழலில் தார்ப்பாய் விரித்து முழு மூடையையும் கொட்டிப் பிரியுங்கள். மேலே பார்த்து அடியை நம்புவது நூறு பேர் சாப்பாட்டில் செய்யும் காரியமில்லை. நல்லது ஒரு பக்கம். கண் மட்டும் விழித்தது, ஓரமாக ஒரு புள்ளி பச்சை உள்ளது ஒரு பக்கம். பச்சை படர்ந்தது, சுருங்கியது, நீள முளை விட்டது கழிவு. ஐம்பது கிலோ மூடையில் ஐந்து கிலோவுக்கு மேல் கழிவு விழுந்தால் மூடையையே மண்டிக்குத் திருப்பிவிடுவது எங்கள் அபிப்பிராயம். அவ்வளவு கழிந்த மூடையில் மீதியும் அதே வெளிச்சத்திலும் சூட்டிலும் கிடந்ததுதான்.

அடுக்கும்போது தரையில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு மூடைக்கு மேல் ஏற்றாமல் அடுக்குங்கள். மேலே பழைய சணல் சாக்குகளை விரித்து இருட்டாக்குங்கள், பக்கங்களில் காற்றுப் போகட்டும். முழுக்கத் தார்ப்பாயால் சுற்றிவிட்டால் உள்ளே சூடும் வேர்வையும் சேர்ந்து அழுகும். தூக்கி எறியாமல் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். அடிபட்ட இடத்தில் நஞ்சு கூடும். சாக்கின்மேல் வந்த தேதியைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினால் பழையது முதலில் தீரும்.

ஒரு கடைசிச் சோதனை இருக்கிறது, இதை விடவே கூடாது. சந்தேகப்படும் மூடையிலிருந்து மூன்று நாலு கிழங்கை எடுத்து உப்பில்லாமல் வேகவைத்து, ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்து மென்று பாருங்கள். கிலோவுக்கு 140 மில்லிகிராம் அளவில் கசப்பு தெரியத் தொடங்கும், 200ஐத் தாண்டினால் தொண்டை எரியும். கசந்தால் துப்பிவிட்டு மூடையை ஒதுக்குங்கள். மசாலா போட்ட பிறகு இந்தச் சோதனை பலிக்காது. மிளகாயின் எரிச்சலும் சொலனினின் எரிச்சலும் வாயில் ஒன்றாகத்தான் தெரியும். நம் சமையலில் கசப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். சாப்பிடும் பிள்ளை "கசக்குது, தொண்டை எரியுது" என்று சொன்னால் அதட்டித் தின்ன வைக்காதீர்கள்.

கத்தியால் செய்ய வேண்டியது

கெட்டியான கிழங்கு, கண் அரை விரற்கடைக்குக் குறைவாக முளைத்திருக்கிறது என்றால் காப்பாற்றலாம். முளையைக் கையால் கிள்ளி எறிந்தால் போதாது. முளை நின்ற குழியிலும் அதைச் சுற்றியும்தான் செறிவு அதிகம். கத்தி முனையை அரை சென்டிமீட்டர் ஆழம் இறக்கிக் கூம்பாகச் சுழற்றிக் கண்ணோடு தோண்டி எடுங்கள். முளை விரல் நீளம் போய்விட்டாலோ, கிழங்கு சுருங்கி நெகிழ்ந்துவிட்டாலோ கொட்டிவிடுங்கள்.

பச்சை ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் இருந்தால், தோல் முழுவதையும் 3 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, பச்சை இருந்த இடத்தை இன்னும் ஆழமாக, நிறம் முழுக்கப் போகும்வரை வெட்டுங்கள். தோல் சீவியால் ஒரு தடவை இழுத்தால் வருவது ஒரு மில்லிமீட்டர்தான், இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டும். பச்சை பாதி உடம்புக்குப் படர்ந்திருந்தால் சீவும் வேலையே வேண்டாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சமைக்கும்போது ஒரு நாணய அளவு பச்சையைக்கூடக் காப்பாற்ற முயலாமல் இருப்பதே நல்லது. கிழங்கின் விலை அவ்வளவு பெரிதில்லை.

இதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. தோலோடு குக்கரில் வேகவைத்து, ஆறியதும் தோலை உரிப்போம். உரியும்போது வருவது காகிதம் போன்ற மேல்தோல் மட்டும். நஞ்சு செறிந்த அடிப்படலம் கிழங்கோடேயே தங்கிவிடும். நல்ல கிழங்குக்கு அப்படி வேகவைப்பதில் குறையில்லை. கண் தோண்ட வேண்டிய கிழங்கென்றால் அடுப்பில் ஏற்றும் முன்பே சீவிவிட்டு வேகவையுங்கள், வெந்த தண்ணீரை ரசத்துக்கோ மாவு பிசையவோ எடுக்காமல் கொட்டுங்கள். கொஞ்சம் நஞ்சு அதில் இறங்கியிருக்கும். "தண்ணியைக் கொட்டினா எல்லாம் போயிடும்" என்பது மட்டும் தவறு. இறங்குவது மிகச் சிறிய பங்கு.

குக்கருக்குள் சூடு 120 பாகை, பொரிக்கும் எண்ணெய் 170, 180. இந்த நஞ்சு குறிப்பிடும்படி சிதைய 200ஐத் தாண்ட வேண்டும், அதுவும் பத்து நிமிடமாவது. அதற்குள் வறுவல் கரியாகிவிடும். உருளைத் தோலைத் தனியாகப் பொரித்துத் தின்பது இப்போது பரவுகிறது. பொரிக்கும்போது ஈரம் போய் எடை குறைகிறது. நஞ்சு அப்படியே நிற்பதால் கடைசியில் கிராமுக்கு அதன் அளவு கூடித்தான் போகிறது. அதைச் செய்ய வேண்டாம்.

சீவிய பச்சைத் தோலையும் முளையையும் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் போடாதீர்கள், ஆட்டுக்கும் வீசாதீர்கள். கால்நடைக்கும் அதே நஞ்சுதான். எருக்குழியில் போடலாம்.

நஞ்சு அல்லாததைப் பார்த்து வீணாகக் கொட்டவும் வேண்டாம். வெந்தபின் கிழங்கு சாம்பல் நீலமாகக் கறுப்பது இரும்புச் சத்தும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்வதால் வரும் நிறம். வெட்டிவைத்தது பழுப்பது காற்றுப்படுவதால். நடுவில் வெறும் பொந்து இருப்பது வளர்ச்சிக் குறை. நடுப்பகுதி மட்டும் கறுத்திருந்தால் சூட்டில் மூச்சுமுட்டிய கிழங்கு. வெட்டிப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். தின்னத் தித்திப்பது குளிர்க்கிடங்கு வேலை.

உருளையின் உறவுகள்

தக்காளியில் இருப்பது டொமாட்டின். இலையிலும் தண்டிலும் அதிகம், இளங்காயில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரை, பழுத்ததும் 5க்கு வந்துவிடும். டொமாட்டின் குடலில் கொலஸ்ட்ராலோடு பிணைந்து பெரும்பாலும் வெளியேறிவிடுவதால் சொலனின் அளவுக்குக் கொடியதில்லை. பச்சைத் தக்காளிக் கூட்டும் துவையலும் அளவாகச் சாப்பிடலாம். விரலளவுப் பிஞ்சைத் தவிர்த்து, முழு வளர்ச்சி அடைந்து வெளுக்கத் தொடங்கிய காயை எடுங்கள். தக்காளி இலையைக் கஷாயம் போடுவது வேண்டாம்.

கத்தரிக்காயில் சொலமார்ஜின், சொலசோனின் இரண்டும் குறைந்த அளவில் உண்டு. முற்றி மஞ்சளேறி விதை கடினமான காய் கசக்கும்; அதை விதைக்கு விடுங்கள். வெட்டியதும் கறுப்பதற்கும் நஞ்சுக்கும் சம்பந்தமில்லை.

மிளகுதக்காளி, நம் பக்கத்தில் சிலர் சுக்குட்டிக்கீரை என்பதும், மற்ற ஊர்களில் மணத்தக்காளி என்பதும் ஒரே செடி. 1820இல் சொலனினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே இந்த இனத்துப் பழத்திலிருந்துதான். ஆனாலும் நாம் உண்ணும் கீரையும், கறுத்தோ சிவந்தோ நன்றாகப் பழுத்த பழமும் உணவுதான். பச்சைக்காயில்தான் நஞ்சு அதிகம். வற்றலுக்குப் பச்சைக்காய் எடுக்கிறோம் என்றாலும், மோரில் ஊறி, உப்பேறிக் காய்ந்து, வறுத்தபின் தட்டில் விழுவது ஒரு சிறு கரண்டி. அந்த அளவிலேயே நிற்கட்டும். பிள்ளைகள் வரப்பில் பச்சைக்காயைக் கைநிறையப் பறித்துத் தின்ன விடாதீர்கள். கீரை வழக்கத்துக்கு மேல் கடுங்கசப்பாக இருந்தால் அந்தக் கட்டை விட்டுவிடுங்கள். சொடக்குத் தக்காளியும் உறை காய்ந்து, பழம் மஞ்சளானபின்தான்.

சுண்டைக்காய் வற்றலுக்கும் இதே அளவுக் கட்டுப்பாடு போதும். தூதுவளையைக் கைப்பிடி அளவில் ரசத்துக்கும் துவையலுக்கும் எடுப்பது நாம் அறிந்த பழக்கம். கண்டங்கத்திரி மருந்துச் சரக்கு; சித்த மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும். அதன் மஞ்சள் காயைச் சின்னக் கத்தரிக்காய் என்று பிள்ளைகள் விளையாட எடுப்பதுண்டு.

ஊமத்தை இந்தக் குடும்பத்திலேயே தனி. அதில் இருப்பவை அட்ரோபின், ஸ்கோபலமின். சொலனினைவிட மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கவிழ்க்கும். இலை முதல் விதை வரை எல்லாம் நஞ்சு, காய்ந்தாலும் வெந்தாலும் நஞ்சுதான். தரிசிலும் களத்து மேட்டிலும் முளைக்கும். அதன் இளஞ்செடி கீரையோடு அறுபட்டு வரலாம். கட்டைப் பிரித்துத் தாளில் பரப்பி ஒவ்வொரு கொத்தாகப் பாருங்கள்: ஓரம் ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்ட பெரிய இலை, கசக்கினால் குமட்டும் நாற்றம். காய் உருண்டையாக முள்ளோடு இருக்கும். தட்டையான விதை மிளகாய் விதையைப் போலவே தோன்றும். களத்தில் மிளகாய் காயப்போடும் இடத்தைச் சுற்றி ஊமத்தை நிற்கவிடாதீர்கள். சிவனுக்குச் சாத்த ஊமத்தம்பூ பறித்தால் கையைச் சோப்பால் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும். கொடைக்கானல் வீடுகளின் வேலியில் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூவும் இதே நஞ்சுதான்.

சாப்பிட்டுவிட்டால்

உருளை நஞ்சு அரை மணி நேரத்திலும் காட்டலாம், ஒரு பகல் கழித்தும் காட்டலாம். குமட்டல், வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, பேதி, தலைவலி. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. நீர்ச்சத்தைக் காப்பதுதான் வைத்தியம். ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது ஆபத்து.

தடுமாற்றம், அரைமயக்கம், மூச்சு வேகம், நாடி பலவீனம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி இதில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைத்து, அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஊமத்தையின் அறிகுறிகள் வேறு: வாய் வறளும், தோல் காய்ந்து சுடும், கண்மணி விரியும், ஆள் பிதற்றிக் காற்றில் எதையோ பிடிக்கப் பார்ப்பார். அதற்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, நேராக மருத்துவமனைதான். போகும்போது சாப்பிட்டதில் மிச்சம், சமைக்காத கிழங்கு இரண்டு, கீரையென்றால் அந்தக் கட்டு, இவற்றை ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார், கூடச் சாப்பிட்டவர்கள் யார் யார் என்பதை ஒரு சீட்டில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.